திமிரா, ஆஸ்பெர்கரா? குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

உங்கள் டீமில் இப்படி ஒருவர் இருக்கலாம். வேலையில் புலி. ஆனால் டீ குடிக்கக் கூப்பிட்டால் வர மாட்டார். "என் பிரசன்டேஷன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "மூணாவது ஸ்லைடு தப்பு" என்று பட்டென்று சொல்லிவிடுவார். மீட்டிங் நேரம் கடைசி நிமிடத்தில் மாறினால் அன்று முழுக்க நிலைகொள்ளாமல் தவிப்பார். "சரியான திமிர்" என்று நாமும் முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஒருவேளை அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே "எல்லார் மாதிரியும் என்னால ஏன் இருக்க முடியல?" என்று யோசித்துக்கொண்டே இருப்பவரா நீங்கள்? அப்படியானால் இதைத் தொடர்ந்து படியுங்கள்.

ஆஸ்பெர்கர் என்றால் என்ன?

இது ஆட்டிசத்தின் ஒரு வடிவம். பேச்சு பெரும்பாலும் சரியான வயதிலேயே வந்துவிடும். அறிவுத்திறனும் வயதுக்கு ஏற்ப, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். அதனால்தான் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். மற்றவர்களின் முகபாவம், குரல், சொல்லாமல் சொல்லும் குறிப்புகள் ஆகியவற்றைப் புரிந்துகொள்வதில்தான் சிரமம். 2010-ல் வெளியான 'மை நேம் இஸ் கான்' படத்தில் ஷாருக் கான் ஏற்ற பாத்திரத்துக்கு இருந்தது இதுதான்.

பெயர் ஏன் மாறியது?

வியன்னாவைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அவர் பெயரையே இதற்குச் சூட்டிப் பரவலாக்கினார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் இதைத் தனி நோயறிதலாக வைத்திருக்காமல் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்பதற்குள் சேர்த்துவிட்டது. உலக சுகாதார அமைப்பின் புதிய பட்டியலும் அதே வழியில்தான் செல்கிறது. நாஜிக்களின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கு ஆஸ்பெர்கர் ஒத்துழைத்ததை 2018-ல் வெளியான ஆய்வுகள் ஆவணங்களோடு காட்டியதால், பலர் அந்தப் பெயரையே தவிர்க்கிறார்கள். ஆகவே இன்று மருத்துவ அறிக்கையில் 'ஆட்டிசம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

குழந்தைகளிடம் என்ன கவனிக்கணும்?

* பேச்சு: நன்றாகப் பேசும், ஆனால் புத்தகத்தைப் படிப்பது போல. வீட்டில் எல்லோரும் "சாப்பிட வா" என்று பேசும்போது, குழந்தை மட்டும் "நான் இப்போது உணவு உண்ண விரும்பவில்லை" என்று எழுத்துத் தமிழில் பதில் சொல்லலாம்.
* நட்பு: மற்ற குழந்தைகளோடு சேர ஆசை இருக்கும். எப்படிச் சேர்வது என்று தெரியாது. பெரியவர்களோடு பேசுவது சுலபமாக இருக்கும்.
* ஒரே ஆர்வம்: ரயில், கிரகம், டைனோசர் என ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மணிக்கணக்கில் அதைப் பற்றியே பேசும். எதிரில் இருப்பவருக்கு சலிப்பு தட்டிவிட்டது என்பது புரியாது.
* புலன்கள்: குக்கர் விசில், மிக்ஸி சத்தம், சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள் போன்றவை தாங்க முடியாத தொல்லையாகும்.
* வழக்கம்: ஸ்கூல் வேன் வேறு தெருவில் திரும்பினாலே அழுகை வரலாம். அது அடம் இல்லை, பதற்றம்.

பெரியவர்களிடம்?

"நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று மேனேஜர் சொன்னால், "உடனே முடிங்க" என்றுதான் அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். இவர்களுக்கு அது 'நேரம் கிடைக்கும்போது' மட்டும்தான். கண்ணைப் பார்த்துப் பேசுவது கஷ்டம், அல்லது "இப்போ பார்க்கணும்" என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் இரண்டு நாள் தனிமை தேவைப்படும்.

பலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, எப்போது சிரிக்கணும், என்ன பேசணும் என்று மனப்பாடம் செய்து நடிக்கிறார்கள். இதை 'மாஸ்கிங்' என்கிறார்கள். பெண்கள் இதை அதிகம் செய்வதால், "கூச்ச சுபாவம்" என்ற பெயரிலேயே அவர்களின் ஆட்டிசம் மறைந்துபோகிறது. நாள் முழுக்க நடிப்பதன் விலை கடும் சோர்வு, பதற்றம், மனச்சோர்வு. தன் குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகுதான், "நானும் சின்ன வயசுல இப்படித்தானே இருந்தேன்" என்று உணரும் பெற்றோரும் உண்டு.

அப்போ தனிமை விரும்பிகள் எல்லோருக்குமா?

இல்லை. மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவயதிலிருந்தே இருக்கிறதா? வீடு, வேலை, நட்பு என எல்லா இடத்திலும் தெரிகிறதா? அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறதா? புது வேலையில் சேர்ந்த பிறகுதான் தொடங்கியது என்றால், காரணம் மன அழுத்தமோ வேறு ஏதாவதோ இருக்கலாம். ஆன்லைன் தேர்வுகள் ஒரு துப்பு மட்டுமே தரும். அதை வைத்து உங்களுக்கோ பக்கத்து சீட்காரருக்கோ பெயர் சூட்டிவிடாதீர்கள்.

யாரைப் பார்க்கணும்?

குழந்தை என்றால் குழந்தை வளர்ச்சி நிபுணர். பெரியவர் என்றால் மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதிலும் பெரியவர்களின் ஆட்டிசத்தில் அனுபவம் உள்ளவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் ஆகிய மத்திய அரசு நிறுவனங்களையும் அணுகலாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். உங்கள் சிறுவயது பற்றி அம்மா அப்பாவிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும்.

இதைக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. தடுப்பூசியோ வளர்ப்போ இதற்குக் காரணமும் இல்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, பதற்றத்துக்கான சிகிச்சை ஆகியவை வாழ்க்கையை எளிதாக்கும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

சட்டத்துக்கு முன்பே நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. அந்த சக ஊழியரிடம் "நேரம் கிடைக்கும்போது" என்று சொல்லாமல், "இன்னைக்கு நாலு மணிக்குள்ள வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். மீட்டிங் மாறினால் முன்கூட்டியே ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். திமிர் என்று நினைத்தது பாதி அங்கேயே காணாமல் போகலாம்.