பாட்டிலும் மருந்தில் பாதி

நம் குடும்பங்களில் யாருக்காவது கீமோதெரபி என்றால், டாக்டர் தந்த சீட்டோடு யூசுப் சராய் மருந்துக் கடைகளுக்கு ஓடுவது பிள்ளையோ மருமகனோதான். சில சமயம் சீட்டில் மருந்தின் பெயரோடு, "கண்ணாடி பாட்டில் சலைன், பி.வி.சி. இல்லாத செட்" என்றும் எழுதியிருக்கும். "எல்லாம் பிளாஸ்டிக்தானே, எந்த செட் ஆனால் என்ன சார்?" என்று மருந்தாளுநரான என்னிடம் பலர் கேட்டதுண்டு. விஷயம் அப்படியல்ல என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

பாக்லிடாக்ஸல் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மார்பகம், சினைப்பை, நுரையீரல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்குத் தரப்படுவது. யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது தண்ணீரில் கரையாது. ஆகவே ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கும் க்ரீமஃபார் என்ற பொருளிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. பையும் குழாயும் வளைந்து கொடுப்பதற்காக டி.இ.எச்.பி. என்ற எண்ணெய் போன்ற பொருளை அதில் சேர்க்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. சீயக்காய் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல், க்ரீமஃபார் அதை இழுத்து மருந்தோடு கலந்துவிடும். நேரம் ஆக ஆக அளவும் கூடும். நோயாளியின் ரத்தத்தில் இது ஏன் போக வேண்டும்? அதனால்தான் கண்ணாடி அல்லது பாலிப்ரொப்பிலீன் பாட்டில், உட்புறம் பாலிஎதிலீன் பூசிய குழாய், 0.22 மைக்ரான் வடிகட்டி என்று கேட்கிறார்கள்.

எல்லா மருந்துக்கும் ஒரே விதி என்றும் நினைக்க வேண்டாம். அல்புமின் புரதத்தோடு சேர்த்த பாக்லிடாக்ஸலில் க்ரீமஃபார் கிடையாது. அதற்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை. சிஸ்பிளாட்டின் சலைனில்தான் நிலைத்து நிற்கும். அதை பிரிட்ஜில் வைத்தால் படிகமாகப் படியும். அதே பிளாட்டினக் குடும்பத்து ஆக்ஸாலிபிளாட்டினுக்கோ சலைன் ஆகாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான் வேண்டும். இரண்டுக்குமே அலுமினியம் பட்ட ஊசி கூடாது.

நம் டெல்லி வெயிலும் கவனிக்க வேண்டியது. மே, ஜூனில் 45 டிகிரி சாதாரணம். கலந்த பாக்லிடாக்ஸல் 27 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக் கணக்கு. கலக்காத குப்பியைக்கூட காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். எதை பிரிட்ஜில் வைப்பது, எதை வெளியில் வைப்பது என்பதை லேபிளில் பார்த்து, கடையிலும் கேட்டு வாங்குங்கள்.

சீட்டில் உள்ள செட் இல்லை, "யஹ் பீ சலேகா" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினால், உடனே வாங்காமல் வார்டு நர்ஸுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மருந்து உள்ளபடியே உடம்பில் சேர, குழாயும் பாட்டிலும் சரியாக இருக்க வேண்டும்.