தலையில் அடிபட்ட குழந்தை: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டால் நம் கை முதலில் தலையில் புடைப்பைத்தான் தேடும். புடைப்பைவிட முக்கியம், குழந்தை எப்படி இருக்கிறது என்பது. விழுந்ததும் வீறிட்டு அழுது, தூக்கியதும் அடங்கி, பால் குடித்து, எப்போதும்போல் விளையாடுகிறதா? பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் ஒரு வயது ஆகாத குழந்தையை அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்? சில வினாடிகளாவது நினைவு தப்பியிருந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாமல் துவண்டால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், காதிலிருந்து ரத்தமோ, காது மூக்கிலிருந்து தண்ணீர்போலவோ கசிந்தால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், என்ன செய்தும் அழுகை நிற்காவிட்டால். இவற்றில் ஒன்றே போதும். 'குழந்தை எப்போதும்போல் இல்லை' என்று தாய்க்குத் தோன்றுவதையும் டாக்டர்கள் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

புடைப்பு எங்கே இருக்கிறது? இரண்டு வயதுக்குள் இதைக் கவனியுங்கள். நெற்றிப் புடைப்பு அவ்வளவு ஆபத்தில்லை. தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ கொழகொழவென்று வீங்கினால் எலும்பு விரிசலாக இருக்கலாம். உச்சிக்குழி புடைத்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு உயரம் ஆபத்து? இரண்டு வயதுக்குள் 3 அடி, அதற்கு மேல் 5 அடி. இதைவிட உயரத்திலிருந்து விழுந்தாலோ, ஓடும் வண்டியிலிருந்து விழுந்தாலோ அழுகை நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேரும்போது, குழந்தை சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று மயங்கலாம்.

புதுச்சேரியில் எங்கே போவது? மேலே சொன்ன ஆபத்து அறிகுறி தெரிந்தால் தெருமுனை கிளினிக்கில் நேரம் போக்காமல் கோரிமேடு ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளை அறுவை சிகிச்சைத் துறை அங்கே இருக்கிறது. 108-ஐ அழையுங்கள். மயங்கிய குழந்தையை டூவீலரில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் தண்ணீரோ விரலோ வேண்டாம். காயத்தில் காபிப்பொடி அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

தூங்கவிடலாமா? நன்றாக இருக்கும் குழந்தை, அதன் தூக்க நேரம் என்றால் தூங்கலாம். முதல் நாள் இரவு மட்டும் இடையிடையே எழுப்பி, உங்களை அடையாளம் கண்டுகொள்கிறதா என்று பாருங்கள்.

'ஸ்கேன் எடுக்கவில்லையே' என்று கவலையா? சி.டி. ஸ்கேன் (கதிர்களால் தலைக்குள் படமெடுப்பது) எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. அந்தக் கதிர்வீச்சு பிஞ்சு மூளைக்கு நல்லதும் அல்ல. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று பிரித்தறிய வழி சொன்னது. டாக்டர் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் சிகிச்சைதான். பாதியில் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.