கணினியின் தாமதமும் திண்மநிலைத் தட்டும்

வால்வு வானொலிப் பெட்டிகள் வழக்கில் இருந்த காலத்தில், விசையைத் திருப்பியவுடன் குரல் கேட்பதில்லை. உள்ளிருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடேறும் வரை வீட்டார் பொறுத்திருப்பர். திரான்சிஸ்டர் வந்தபின் அந்தக் காத்திருப்பு மறைந்தது. வெற்றிடக் குமிழுக்குள் நிகழ்ந்த வேலை, ஒரு சிறு திண்மப் பளிங்கினுள் நிகழத் தொடங்கியமையால், அத்தகைய கருவிகளைத் திண்மநிலைக் கருவிகள் என்று அழைக்கலாயினர். அதே பெயர் இன்று கணினிக் கடைகளில் வேறொரு பொருளுக்கு வழங்குகின்றது. எஸ்.எஸ்.டி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அந்தத் திண்மநிலைத் தட்டும் காத்திருப்பைக் குறைக்க வந்ததே.

பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருக்கின்றது. விசையை அழுத்திவிட்டு அடுப்படிக்குச் சென்று தேநீர் தயாரித்துக்கொண்டு வந்தாலும், அது இன்னும் வேலைக்கு ஆயத்தமாகியிராது. தட்டை மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர். பழையதில் பணத்தைக் கொட்டுவது வீண், புதியது வாங்குவதே மேல் என்கிறார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கக்கூடும். தாமதம் எங்கே நிகழ்கின்றது என்பதை அறியாமல் எவர் சொல்வது சரி என்று தீர்மானிக்க இயலாது.

கணினி தான் காக்கவேண்டியவற்றை நெடுங்காலமாகச் சுழலும் காந்தத் தட்டுகளிலேயே வைத்து வந்திருக்கின்றது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ரமாக் என்னும் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கும். அதன் கொள்ளளவோ அதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல வேண்டும். ஊசி போன்ற கரம் ஒன்று உரிய தடத்துக்கு நகர வேண்டும். வேண்டிய இடம் அதன்கீழ் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

இதனை ஒரு கச்சேரியின் ஆவண அறையோடு ஒப்பிடலாம். மேசையில் இருக்கும் எழுதுவினைஞர் மிக விரைவாக வேலை செய்பவர். ஆனால் அவருக்கு வேண்டிய தாள் ஒவ்வொன்றையும் சேவகன் ஒருவன் உள்ளே நடந்து சென்று, கட்டைத் தேடி, அவிழ்த்து எடுத்துவர வேண்டும். ஒரே கட்டில் உள்ள நானூறு தாள்கள் தேவை எனின் அவன் ஒரு நடையில் சுமந்து வந்துவிடுவான். நானூறு கட்டுகளில் கட்டுக்கு ஒரு தாள் தேவை எனின், எழுதுவினைஞர் பொழுதெல்லாம் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கணினி விழித்தெழும்போது கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டின் பல மூலைகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

கணக்கும் இதையே காட்டுகின்றது. மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்த வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுழற்சிக்கு 11 மில்லி செக்கன் ஆகின்றது. சராசரியாக அரைச் சுழற்சி காத்திருக்க வேண்டும் என்று கொண்டு, கரம் நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒரு துண்டை எடுக்கப் பதினேழு பதினெட்டு மில்லி செக்கன் செல்கின்றது. ஆகவே செக்கனுக்கு அறுபது துண்டுகள் அளவிலேயே எடுக்க முடியும். அதே தட்டு ஒரே தொடராக உள்ள கோப்பை வாசிக்கும்போது செக்கனுக்கு நூறு மெகாபைற்று அளவில் தந்துவிடும். எனவே வன்தட்டின் குறை, சுமக்கும் வலிமையில் அன்று, நடையிலேயே உள்ளது.

திண்மநிலைத் தட்டில் நடை இல்லை. யப்பானில் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே அதன் உள்ளீடு. மிக நுண்ணிய சிலிக்கன் அறைகளுள் இலத்திரன்கள் சிறைப்படுத்தப்படுகின்றன. மின்சாரம் நின்ற பின்பும் அவை அங்கேயே தங்குகின்றன. எந்த அறையாயினும் அதனை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரே நேரமே ஆகும். அதுவும் மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவே. அறுபது துண்டுகள் வந்த அதே செக்கனில் பல்லாயிரம் துண்டுகள் வந்து சேர்கின்றன. விளம்பரங்கள் 550 மெகாபைற்று, 3,500 மெகாபைற்று என்று தொடர் வேகத்தையே பெரிதாக அச்சிடுகின்றன. வீட்டுப் பாவனையாளருக்கு அதனால் விளையும் பயன் சிறிது. சாட்டா வகைத் தட்டுக்கும் அதனினும் விரைந்த என்.வி.எம்.இ. வகைக்கும் இடையே கடிதம் எழுதுபவர் பெரிய வேறுபாடு காணமாட்டார். பழைய வன்தட்டிலிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும் வேறுபாட்டை உடனே உணர்வார்.

இனித் தாமதம் எங்குள்ளது என்று பார்க்கும் வழி. விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்னும் பலகை தோன்றும். கணினி தத்தளிக்கும் வேளையில் அதனைப் பார்த்தல் வேண்டும். தட்டு என்ற வரிசை நூறு வீதத்தில் நின்று, செயலியின் வரிசை இருபது முப்பதில் இருப்பின், எழுதுவினைஞர் சேவகனுக்காகக் காத்திருக்கின்றார் என்பது தெளிவு. அங்கே தட்டை மாற்றுவது தகும். செயலியே நூறில் நின்றால், புதிய தட்டு அதற்கு மருந்தாகாது. இணையப் பக்கம் வரத் தாமதிப்பது தொலைபேசி இணைப்பின் குறையாயின், தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இடையில் ஒரு மயக்கம் உண்டு. நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி மிகுதியை வன்தட்டுக்கு அனுப்பி மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்ளும். அப்போதும் தட்டின் வரிசை நூறில் நிற்கும். ஆனால் நோய் நினைவகத்தில் உள்ளது. நான்கு கிகாபைற்று நினைவகமுள்ள கணினிகளில் இது பெரிதும் காணப்படும். முதலில் நினைவகத்தை எட்டாக்குவது மலிவான சிகிச்சை. இரண்டையும் செய்ய இயலுமாயின் நன்று.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 விதிக்கும் நிபந்தனைகளை, பெரும்பாலும் 2018க்கு முந்திய கணினிகள் நிறைவு செய்வதில்லை. அத்தகைய கணினியில் தட்டை மாற்றுபவர், லினக்ஸ் வகை முறைமை ஒன்றுக்கு மாறவும் ஆயத்தமாக இருத்தல் நலம். எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் அது போதும். குறிப்பிட்ட கணக்கு மென்பொருள் ஒன்றை நம்பித் தொழில் செய்பவருக்கு அது போதாது. அவர் அந்தப் பணத்தைப் புதிய கணினிக்கெனச் சேமிப்பதே அறிவுடைமை.

திண்மநிலைத் தட்டு விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. அழித்து எழுதுந்தோறும் சிலிக்கன் அறையின் காப்புப் படலம் சிறிது சிறிதாக நலிவது மெய்யே. ஆயின் 500 கிகாபைற்றுத் தட்டு ஒன்றுக்கு 300 தெராபைற்று எழுதும் வரை உத்தரவாதம் அளிப்பது வழக்கம். நாளுக்கு இருபது கிகாபைற்று வீதம் எழுதினாலும் அந்த எல்லையை எட்ட நாற்பது ஆண்டுகள் செல்லும். கணினியின் பிணைச்சல்கள் அதற்கு முன்பே கழன்றுவிடும்.

அஞ்சத்தக்கது வேறு. வன்தட்டில் தவறுதலாக அழித்த கோப்பை, அதன்மேல் வேறொன்று எழுதப்படாத வரை, பல வேளைகளில் மீட்டுவிடலாம். திண்மநிலைத் தட்டிலோ, அழித்த இடத்தைக் கணினி தட்டுக்கு அறிவித்துவிட, தட்டு தன் வசதிப்படி அதனைத் துப்புரவாக்கிவிடுகின்றது. பின் மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம். பழுதுறும்போதும் சத்தமோ முன்னறிவிப்போ இன்றி ஒரே நாளில் மௌனமாகிவிடக்கூடும். மின்சாரமின்றி நெடுங்காலம் அலுமாரியில் கிடந்தால், சிறைப்பட்ட இலத்திரன்களும் மெல்லக் கசியும். ஆதலால் காப்புப் பிரதி இல்லாதவர் இதற்கு மாறுவது, முன்னிலும் விரைவாக ஓடும் வண்டியைத் தடுப்பின்றி ஓட்டுவதாகும்.

மாற்றும் நாளிலும் ஆபத்து உண்டு. பழைய கணினி மெதுவாகியது அதன் தட்டு சாகத் தொடங்கியமையாலும் இருக்கலாம். டிக் டிக் என்ற ஒலி, ஒரு படத்தைத் திறக்க ஒரு நிமிடம், சில கோப்புகள் திறக்கவே மறுப்பது ஆகியன அதன் குறிகள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றுக்கெனப் பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளும், இப்போது இல்லாத ஒருவரின் புகைப்படங்களும் அந்தத் தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். கடைக்காரர் முழுத் தட்டையும் அப்படியே நகலெடுக்க முனைந்தால், பல மணி நேரம் இடையறாது ஓடும் அந்த வேலையையே நலிந்த தட்டு தாங்காது போகலாம். ஆகவே குறிகள் தென்பட்டால், கணினியைக் கடைக்குக் கொடுக்குமுன், விலைமதிப்பற்ற கோப்புகளை மட்டும் முதலில் வேறோரிடத்தில் பிரதி செய்துகொள்ள வேண்டும். அதன் பின்பு பணிசெயல் முறைமையைப் புதிய தட்டில் புதிதாகவே நிறுவிக்கொள்ளலாம்.

வாங்கும்போது அளவைப் பற்றி மயங்கத் தேவையில்லை. மடிக்கணினியின் இரண்டரை அங்குல வன்தட்டு இருந்த இடத்தில் அதே அளவான சாட்டா வகைத் தட்டு பொருந்தும். பிறிதொரு நாள் கணினியே கைவிடப்பட்டால், சிறிய யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு அத்தட்டை வெளிச் சேமிப்பகமாகப் பாவிக்கலாம். மிகக் குறைந்த விலைக்கு மிகப் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படுவனவற்றில் பொய்க் கணக்குக் காட்டும் போலிகள் உண்டு. நம்பகமான கடையில், உத்தரவாதப் பத்திரத்துடன் வாங்க வேண்டும்.

கழற்றிய பழைய தட்டை உடனே அழித்து விற்றுவிட வேண்டாம். புதியது நன்றாக ஓடுவதாகத் தோன்றினாலும், இரண்டு மூன்று மாதங்களுக்கு அதனைத் துணியில் சுற்றி ஈரமில்லாத இழுப்பறையில் வைத்திருப்பது நல்லது. எடுக்க மறந்த கோப்பின் நினைவு பெரும்பாலும் அந்த மாதங்களிலேதான் வரும்.