புழுதிக் காரைத் துடைக்காதீர்கள்... கழுவுங்கள்!

உர மூட்டை ஏற்றி மண் சாலையில் ஓடும் காரை, காய்ந்த துணியால் துடைப்பதுதான் பலரின் வழக்கம். புழுதியிலுள்ள மணல் பெயின்டைக் கீறும்; கீறல் தகடு வரை இறங்கினால் துரு ஏறும், விற்கும்போது விலையும் இறங்கும்.

காரை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் துணி அலச நல்ல தண்ணீர் வையுங்கள். மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. சோப்புத்தூள் வேண்டாம், அது மெழுகுப் பூச்சை நீக்கிவிடும்.

உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும். எனவே, உடனே மென்மையான துணியால் ஒற்றியெடுங்கள். பறவை எச்சத்தை ஈரத்துணியால் ஊறவைத்து அன்றே அகற்றுங்கள். உரம் சிந்திய டிக்கியைக் கூட்டித் துடையுங்கள். அது ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார் மெழுகு பூசினால் பெயின்ட் நீடிக்கும்.