டிரங்குப் பெட்டியில் மங்கும் தாத்தா படம்

பெங்களூர் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த தாத்தா படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது செல்லரித்தால் அந்த முகம் போயிற்று!

பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறார்கள். வீட்டுப் படத்தையும் அப்படிக் காக்கலாம்.

செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கடையில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து, ‘டிஃப்’ கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். 4-க்கு 6 அங்குலப் படம் சுமார் 25 எம்.பி. வரும். ஒரு பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு பிரதி ஊரில் தங்கை வீட்டில் இருக்கட்டும். அசலையும் எறிந்துவிடாதீர்கள்.

படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.