ஏரி காத்தவருக்குச் சங்கத்தில் ஓட்டில்லை

ஏரிக்கரையைக் காத்து, மடை திறந்து, கடைசி வயல் வரை தண்ணீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. சில பகுதிகளில் நீர்பாய்ச்சி என்பார்கள். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித்துகள். நிலமில்லாதவர் ஒருபக்கம் சாயமாட்டார் என்று ஊர் நம்பியது. கூலி, அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல். ஏரி நிறைந்தால்தான் விளைச்சல், விளைந்தால்தான் கூலி. அதனால் ஏரியைத் தன் வயிற்றைப்போலக் காத்தார். ஆனால் அது பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் நிலக்காரர்களிடமே இருந்தது.

பிறகு பம்புசெட் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. போர்வெல் போட வசதியுள்ளவருக்கு ஏரி அவசியமில்லாமல் போனது. களத்து நெல் குறைய, நீர்க்கட்டியின் பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள். வரத்துக்கால் தூர்ந்தது. ஏரி நிரம்பாததால் நிலத்தடி நீரும் ஊறவில்லை. போர்வெல்கள் மேலும் மேலும் ஆழமாயின. தண்ணீரை உறிஞ்சுபவருக்கு மானியம் உண்டு. சேமித்தவருக்குக் கூலிகூட இல்லை.

2000-ல் பாசன மேலாண்மையை விவசாயிகளிடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் ஓட்டு நில உடைமையாளர்களுக்கே. ஏரியை அறிந்த நிலமற்றவர் வெளியே நிற்கிறார்.

தூர் வார நிதி ஒதுக்கினால் மட்டும் போதாது. மடையைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதச் சம்பளமும் சங்கத்தில் ஓட்டும் வேண்டும். அந்த வேலை, சாதி பார்த்துத் தராமல், விரும்பி வருபவருக்குக் கிடைக்க வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊர் ஏரி மடையை யார் திறக்கிறார், அவருக்கு என்ன கூலி என்று கேட்டுப் பாருங்கள்.