கணப்புத் தட்டின் நாயும் பூநகரியின் ஓடும்

சுடுமண் பொருளொன்றின் பெறுமதி அதன் அழகிலா, அது கிடைத்த இடத்திலா தங்கியுள்ளது? இங்கிலாந்தின் மண் விலங்குருவங்களையும் பூநகரியின் மட்கல ஓடுகளையும் ஒருங்கு நோக்கி இவ்வினாவை ஆராய்வோம்.

களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தமையால் இங்கிலாந்தின் ஸ்ராபோட்சயர்ப் பகுதி மட்பாண்டத் தொழிலிற் சிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய், ஆடு, சிங்கம், வரிக்குதிரை முதலியவற்றின் உருவங்கள் அங்கு பெருந்தொகையாக ஆக்கப்பட்டன. குளிர்காயும் கணப்பின் மேலுள்ள தட்டில், இரு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்குமாறு நாயுருவங்களை இணையாக வைத்தல் அந்நாட்டு வழக்கம். விக்ரோறியா மகாராணி இளமையில் வளர்த்த 'டாஷ்' என்னும் ஸ்பானியல் நாய் இவ்வின நாய்களின் புகழுக்குத் துணைசெய்தது. அச்சுகளிற் களிமண்ணை அழுத்தி உருவமைத்துச் சூளையிற் சுட்டனர். சுவரோடு சாத்தி வைக்கப்படுவதாற் பல உருவங்களின் பின்புறம் தட்டையாகவும் வண்ணமின்றியும் விடப்பட்டது. செலவு குறைந்தமையால் எளிய தொழிலாளர் இல்லங்களும் இவற்றை வாங்கின. பெரும்பாலானவற்றிற் செய்தவர் பெயரில்லை. எனினும் ஒப்புநோக்கத்தக்கவை ஏராளமாக எஞ்சியுள்ளமையால், எவ்வீட்டிலிருந்து வந்ததென அறியாவிடினும் அச்சு, வண்ணம் என்பன கொண்டு காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

கணப்பு வேண்டாத நம் நாடுகளில் மண் விலங்கு வேறு பொருள் பெற்றது. தமிழகத்து ஐயனார் கோயில்களிற் சுடுமண் குதிரைகள் நேர்த்திக்கடனாக வைக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் சிதையவே விடப்படுகின்றன. புத்தளத்தை அடுத்த தப்போவாவிலும் பழைய மனித, விலங்குச் சுடுமண் உருவங்கள் கிடைத்துள்ளன. இத்தகையவற்றின் பொருளை உணர்த்துவது அவை இருந்த இடமேயாகும்.

பூநகரி ஓடுகளுக்கும் இது பொருந்தும். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993 இல் வெளியிட்ட 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூல், அங்கு கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் எடுத்துரைக்கின்றது. எழுதப்பட்ட வரலாறு அருகிய இந்நிலத்தில் தொன்மையான குடியிருப்புகளுக்கு அவ்வோடுகளே சான்று. அவ்வாண்டு நவம்பரிலேயே பூநகரியிற் பெருஞ்சமர் மூண்டது. போர் கிளறிய நிலத்தில், முன்னர் குறித்து வைக்கப்பட்டவற்றின் அருமை பன்மடங்காகின்றது.

நாயுருவம் தட்டுவிட்டுத் தட்டு மாறினும் நாயுருவமே. இடமறியாது அலமாரி சேர்ந்த பூநகரி ஓடோ, அழகுமின்றிச் சான்றுமின்றி வெறும் ஓடாகின்றது. ஆதலாற் கிணறோ அத்திவாரமோ தோண்டுகையில் ஓடு தென்படின், அதனை எடுக்குமுன் இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தொல்லியலாளருக்கு அறிவித்தல் நம் அனைவரதும் கடனாகும்.